அண்ணன் வண்டியின் சைலன்சரை வெட்டக் கொடுப்பதற்கு முன்

நாற்பதுகளில் இருக்கும் வாசகர் ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அண்ணன் பல வருடம் ஓட்டிய வண்டி, 1978 மாடல் யமஹா எக்ஸ்எஸ் 650. அண்ணன் இறந்த பிறகு மூன்று வருடம் ஷெட்டிலேயே நின்றது. போன மாதம் அண்ணி சாவியை எடுத்து இவர் கையில் கொடுத்து, "நீங்களே ஓட்டுங்க தம்பி, துருப்பிடிச்சுப் போகுது" என்றிருக்கிறார். வண்டி ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் இரண்டு சைலன்சரும் அடிப்பக்கம் அரித்து ஓட்டை விழுந்திருக்கின்றன. பிக்கப் இல்லை. ஆக்சிலரேட்டரை விட்டால் பின்னால் 'பட் பட்' என்று வெடிக்கிறது. அதே மாதிரி சைலன்சர் புதிதாகக் கிடைக்கவில்லை.

வெல்டிங் பட்டறை ஒன்றில் கேட்டிருக்கிறார். பழைய 38 மில்லிமீட்டர் பைப்பைக் கழற்றிவிட்டு 50 மில்லிமீட்டர் பைப்பில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, ஓரடி நீளத்தில் சின்ன சைலன்சர் மாட்டித் தருகிறேன், வண்டி பறக்கும் என்றிருக்கிறார்கள். 'பேக் பிரஷர்', அதாவது புகைக்கு எதிர் அழுத்தம், வேண்டும் என்பதால் உள்ளே ஒரு வாஷரை வெல்டு வைப்பார்களாம். பைப் முழுக்க வெப்பத்துணி சுற்றுவார்களாம். பழைய சைலன்சர்களை இரும்புக்கு எடுத்துக்கொள்வார்களாம். இவர் முன்பணம் கொடுத்துவிட்டார். எழுத்தில் எதுவும் இல்லை. வேலை இன்னும் தொடங்கவில்லை.

அவருடைய முக்கியக் கேள்விகள் நான்கு. பெரிய பைப் போட்டால் இழுவை திரும்புமா? பழைய வண்டி என்பதால் சத்த விதி இதற்குப் பொருந்தாது என்று பட்டறையில் சொன்னது சரியா? மனம் மாறினால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் தயங்கிக் கேட்டிருக்கிறார். "தெருமுனையில் வரும்போதே அண்ணன் வண்டி என்று அண்ணிக்குத் தெரிந்துவிடும். புது சைலன்சரில் அந்தச் சத்தம் வருமா?"

அன்புள்ள வாசகருக்கு,

கடைசிக் கேள்வியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்ற மூன்றையும் அதுதான் தீர்மானிக்கப் போகிறது. இருபது வருடத்துக்கு மேலாகப் பழைய வண்டிகளுக்குப் பெண்ட் பைப்பும் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாய்) சைலன்சரும் கட்டுகிற வேலையில் இருக்கிறேன். "என்ன சத்தம் வேணும்?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் "கொஞ்சம் கம்பீரமா" என்பார்கள். நீங்கள் கேட்பது அப்படிப் பொத்தாம்பொதுவானது அல்ல. உங்களுக்கு வேண்டியது ஒரு குறிப்பிட்ட சத்தம். அதை மனதில் வைத்தே பதில் எழுதுகிறேன்.

உங்கள் வண்டியின் குரல் எங்கிருந்து வருகிறது தெரியுமா? கிராங்கிலிருந்து, அதாவது பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டிலிருந்து. 653 சிசி, இரண்டு சிலிண்டர், 360 டிகிரி கிராங்க். இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். ஆனால் ஒரு சுற்றுக்கு ஒன்று என்று மாறி மாறி எரியும். அதனால் இடைவெளி சமமாக, சீராகத் துடிக்கும். அதே காலத்து இரட்டைச் சிலிண்டர் வண்டிகள் சிலவற்றில் 180 டிகிரி கிராங்க் இருக்கும். அவை நொண்டியடிக்கிற மாதிரி இரண்டு துடிப்பு நெருக்கமாகவும் பிறகு ஒரு இடைவெளியுமாக ஒலிக்கும். எந்த பைப் போட்டாலும் இந்தத் தாளம் மாறாது. மாறுவது அதன் கனமும் கூர்மையும்தான். அண்ணியின் காதில் இருப்பது அந்தச் சீரான தாளம், இரண்டு நீளமான சைலன்சர்கள் வழியே அடங்கி வந்த கனத்தோடு. ஓரடி சைலன்சரில் தாளம் இருக்கும், கனம் இருக்காது. தெருமுனையில் வேறு யாரோ வருகிறார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

ஆகவே இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். இப்போது இருக்கிற ஓட்டைச் சைலன்சரோடாவது, வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, இருபது அடி பின்னால் செல்போனை வைத்து, ஐட்லிங்கிலும் 3000 ஆர்பிஎம்மிலும் ஒலியைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஓட்டைகளால் இரைச்சல் கலந்திருக்கும். இருந்தாலும் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் உங்களிடம் இருக்கும்.

பிக்கப் போனது சைலன்சரால்தானா?

இங்கே நீங்கள் ஒரு முடிவுக்கு அவசரமாக வந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். சைலன்சர் ஓட்டையாக இருக்கிறது, வண்டி இழுக்கவில்லை, ஆகவே சைலன்சர்தான் காரணம் என்கிறீர்கள். மூன்று வருடம் நின்ற வண்டியில் நான் அதைக் கடைசியாகத்தான் சந்தேகிப்பேன். 1978 மாடலில் மிகுனி பிஎஸ்38 கார்புரேட்டர் இரண்டு இருக்கும். கார்புரேட்டருக்கு உள்ளே இருக்கும் சின்ன பிஸ்டனைத் தூக்குவது மெல்லிய ரப்பர் டயாஃப்ரம். மேல்மூடியைத் திறந்து அந்த ரப்பரை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலே அந்தப் பக்கத்து சிலிண்டர் பாதி ஆக்சிலரேட்டருக்கு மேல் சரியாக வேலை செய்யாமல் போகலாம். ஐட்லிங்கில் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டின் துளை மயிரிழை போன்றது. காய்ந்த பெட்ரோல் பசை அதில் பெரும்பாலும் அடைத்திருக்கும். இதோடு வால்வ் கேப் (வால்வுக்கு விடும் இடைவெளி), ஸ்பார்க்கை உண்டாக்கும் பாயின்ட், டைமிங், இரண்டு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் சோதனை. இவையெல்லாம் முடியட்டும். சிலிண்டர் இரண்டும் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டால், அதைச் சரிசெய்யாமல் எந்த பைப் மாட்டியும் பயனில்லை.

அந்த 'பட் பட்' வெடிப்பும் பல சமயம் இதே கதைதான். ஆக்சிலரேட்டரை மூடும்போது எரியாமல் தப்பிய பெட்ரோல் ஆவி சூடான பைப்புக்குள் போகிறது. ஏதாவது இணைப்பு வழியே வெளிக்காற்று உள்ளே புகுந்தால் அங்கேயே பற்றிக்கொள்கிறது. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில் பைப் உட்காரும் இடத்து கேஸ்கெட் நைந்திருக்கலாம், அல்லது பைலட் பக்கம் பெட்ரோல் குறைவாகப் போகலாம். சோப்புத் தண்ணீரும், பைப் வாயை ஒரு நொடி அழுத்தும் கனத்த துணியும் போதும், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த உடனேயே கசிவு தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: அந்தக் காலத்து கேஸ்கெட்டுகள் பலவற்றில் செம்புத் தகட்டுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. பழையதைச் சுரண்டித் தூசி பறக்க விடாதீர்கள். நனைத்து எடுத்து, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

சைலன்சர் ஏன் அடியில் மட்டும் அரித்தது என்று கேட்டிருந்தீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நீண்ட தூரம் ஓட்டினால் ஆவியாகப் போய்விடும். பக்கத்துத் தெரு வரை போய் நிறுத்தினால் சைலன்சரின் தாழ்ந்த இடத்தில் தேங்கி, புகையின் அமிலத்தோடு சேர்ந்து உள்ளிருந்து தின்னும். புதிதாகக் கட்டும்போது ஒவ்வொரு சைலன்சரின் அடியிலும் மிகத் தாழ்வான புள்ளியில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போடச் சொல்லுங்கள். பல கம்பெனி சைலன்சர்களில் அந்தத் துளை இருக்கும், கைவேலைக்காரர்கள் மறந்துவிடுவார்கள்.

50 மில்லிமீட்டர் பைப்

பட்டறைக்காரர் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று நான் நினைக்கவில்லை. பெரிய பைப், பெரிய சக்தி என்பது இந்தத் தொழிலில் தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. சத்தம் கூடும்போது வண்டி வேகமாகப் போவதாகக் காது நம்பிவிடுவதால் அது சாவதேயில்லை.

நடப்பது வேறு. உங்கள் 38 மில்லிமீட்டர் பைப் 1.5 மில்லிமீட்டர் தகடு என்று வைத்தால் உள்விட்டம் 35. அதே தகட்டில் 50 மில்லிமீட்டர் பைப்பின் உள்விட்டம் 47. குறுக்குப் பரப்பு 1.8 மடங்கு ஆகிறது. அதே புகை அதில் பாதிக்குச் சற்று மேலான வேகத்தில்தான் போகும். கீழ் ஆர்பிஎம்மில், அதாவது நீங்கள் தினமும் ஓட்டுகிற இடத்தில், இழுவை இன்னும் குறையும். இதில் இன்னொரு சிக்கல். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் பெண்ட் பைப் இரட்டைச் சுவர். வெளிப்பைப் நீலம் பாய்ந்து நிறம் மாறாமல் இருக்க உள்ளே இன்னொரு பைப் ஓடும். வெளியே காலிப்பர் வைத்து 38 என்று அளந்தால் உள்ளே 35 என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஹெட் பக்கத்து வாயில் அளவுகோலை உள்ளே விட்டு அளக்கச் சொல்லுங்கள்.

'பேக் பிரஷர் வேணும்' என்பதும் அப்படித்தான். எந்த இன்ஜினும் தன் புகையை எதிர்த்துத் தள்ள விரும்பாது. இன்ஜினுக்கு வேண்டியது சரியான நேரத்தில் திரும்பி வரும் அலை. வால்வ் திறந்ததும் ஒரு அழுத்த அலை பைப்பில் ஓடுகிறது. சூடான புகையில் அது நொடிக்கு 500 முதல் 550 மீட்டர் போகும். பைப் அகலமாகிற இடத்தை அடைந்ததும் உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பும். அது வால்வ் மூடுவதற்குள் வந்து சேர்ந்தால் மிச்சப் புகையை இழுத்துவிட்டு, புதுக் கலவையை உள்ளே வர உதவும். 80 சென்டிமீட்டர் பைப்பில் போய்வர ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகிறது. அந்த நேரத்தில் 3000 ஆர்பிஎம்மில் கிராங்க் 54 டிகிரி சுற்றியிருக்கும், 6000-ல் 108 டிகிரி. ஒரே பைப் எல்லா வேகத்திலும் சரியான நேரத்துக்கு அலையை அனுப்ப முடியாது. எந்த வேகத்தில் உங்களுக்கு இழுவை வேண்டும் என்று முதலில் தீர்மானித்து, அதற்கேற்ப நீளத்தை வைக்கிறார்கள். வாஷர் வெல்டு வைப்பது இதில் எதையும் செய்யாது, வழியை அடைக்கும், அவ்வளவுதான். வாஷர் இல்லாவிட்டால் வால்வ் எரிந்துவிடும் என்று சொன்னார்களாம். வால்வ் எரிவது வால்வ் கேப் இறுகியதாலும், கலவையில் பெட்ரோல் குறைந்ததாலும்.

சைலன்சரின் கொள்ளளவைப் பற்றி யாருமே பேசவில்லை, எனக்கு அதுதான் கவலை. 30 சென்டிமீட்டர் நீளம், 8 சென்டிமீட்டர் விட்டம் என்றால் ஒன்றரை லிட்டர். 650 சிசி வண்டிக்கு நான் ஐந்து லிட்டருக்குக் குறைந்து ஒப்புக்கொள்வதில்லை. இரண்டு பைப்பும் ஒன்றாகச் சேர்ந்தால் 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 50 துடிப்பு. சூடான புகையில் அந்த அலையின் நீளம் 10 மீட்டர். ஜாலிக் குழாயைச் சுற்றிக் கிளாஸ் வுல் அடைத்த சின்ன டப்பா உயர்ந்த கீச்சொலியை விழுங்கும், இந்த ஆழமான முழக்கத்தைத் தொடக்கூட முடியாது. அதற்கு அறை அறையாகப் பிரித்த கொள்ளளவு வேண்டும். ஜன்னல் கண்ணாடி அதிர்வதும், நீண்ட பயணத்தில் ஓட்டுபவருக்கே தலை கனப்பதும் இந்த முழக்கத்தால்தான். காதுக்கும் கணக்கு உண்டு: 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலைத் தாங்குவது 15 நிமிடம்.

மூன்று வழிகள்

முதல் வழி, இருக்கிற சைலன்சர்களையே பழுதுபார்ப்பது. அடிப்பக்கத்தை நீளவாக்கில் திறந்து, உள்ளே இருக்கும் தடுப்புகளை வரைபடமாக வரைந்துகொண்டு, அழுகிய தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து மூடுவது. வெளிக் குரோம் போகும், தையல் தெரியும். ஆனால் குரல் அதே குரல். தகடு மற்ற இடங்களில் கெட்டியாக இருந்தால் மட்டுமே இது நடக்கும். சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் உயிர் இருக்கிறது, பொத்தென்றால் இல்லை.

இரண்டாவது, பழையதை அச்சாக வைத்து அதே நீளம், அதே கொள்ளளவு, அதே அறைகளோடு இரண்டு புதிய சைலன்சர்கள் கட்டுவது. பெண்ட் பைப்புகள் நன்றாக இருந்தால் அவற்றையே வைத்துக்கொள்ளலாம். இரண்டு பைப்புக்கும் நடுவே குறுக்கே ஓடும் சின்ன இணைப்புக் குழாய் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சைலன்சரையும் பயன்படுத்திக்கொள்வது அதன் வழியாகத்தான். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதைத்தான் செய்வேன்.

மூன்றாவது, இரண்டை ஒன்றாகச் சேர்ப்பது. அதைத் தவறென்று சொல்லவில்லை. 360 டிகிரி கிராங்கின் சமமான துடிப்புக்கு அது நன்றாகவே பொருந்தும், வண்டியின் எடையும் குறையும். ஆனால் இரண்டு பைப்பும் ஒரே நீளம் இருக்க வேண்டும், 15 டிகிரி அளவுக்குக் கூர்மையான கோணத்தில் சேர வேண்டும், பின்னால் ஐந்து லிட்டர் சைலன்சர் வர வேண்டும், கார்புரேட்டரை முதலிலிருந்து டியூன் செய்ய வேண்டும். இத்தனையும் செய்தால் நல்ல வண்டி கிடைக்கும். அண்ணன் வண்டியாகக் கேட்காது. அந்த முடிவு உங்களுடையது, அண்ணியோடு பேசி எடுங்கள்.

எந்த வழியானாலும் பழைய சைலன்சர்களை இரும்புக்குக் கொடுக்காதீர்கள். அச்சு அதுதான். நாளைக்குச் சோதனையில் மறுத்தாலோ, வண்டியை விற்க நேர்ந்தாலோ கேட்பதும் அதைத்தான். வலது சைலன்சரில் அண்ணன் விழுந்த அன்று பட்ட நசுங்கல் இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகு இந்த விஷயத்தில் எனக்கு வேறு காரணமே தேவைப்படவில்லை.

சட்டம், காப்பீடு, முன்பணம்

பழைய வண்டிக்கு விதியே இல்லை என்பது தவறு. பல நாடுகளில் வண்டி தயாரான ஆண்டில் நடப்பிலிருந்த சத்த அளவு அதற்குப் பொருந்தும். அந்த அளவு இன்றையதைவிடத் தளர்வாக இருக்கலாம். அதற்கு மேல், பொது இடத்தில் அளவுக்கு மீறி இரைச்சல் எழுப்புவது பல இடங்களில் தனிக் குற்றம். அதில் வண்டியின் வயது செல்லாது. மாற்று சைலன்சர்களுக்கென்றே ஐ.நா. விதிமுறை 92 இருக்கிறது. அதை ஏற்ற நாடுகளில் ஒப்புதல் முத்திரை பார்ப்பார்கள். பட்டறையில் கைவேலையாகச் செய்த ஒற்றைப் பொருளில் அந்த முத்திரை இருக்காது. ஆகவே வேலைக்கு முன்பே உங்கள் வாகனப் பதிவு அலுவலகத்தில், இப்படிச் செய்தால் தனியாகச் சோதனைக்குக் கொண்டுவரலாமா என்று எழுத்தில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். நின்ற நிலையில் சத்தம் அளக்கும்போது மைக்கை சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டர் தூரத்தில் 45 டிகிரி சாய்வில் வைப்பார்கள். உங்கள் வண்டி போல உச்ச சக்தி 5000 ஆர்பிஎம்முக்கு மேல் வருகிற வண்டியை அந்த ஆர்பிஎம்மில் பாதிக்கு ஏற்றி அளப்பார்கள். நீங்களும் அப்படியே அளந்து பார்க்கலாம்.

காப்பீட்டுக் கம்பெனிக்குச் சொல்லாமல் மாற்றினால், விபத்தன்று அந்த மாற்றத்துக்கும் விபத்துக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும் வாதம் கிளம்பும். ஒரு கடிதம் அனுப்பி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

முன்பண விஷயத்தில், வேலை தொடங்காததால் நிலைமை உங்கள் கையில்தான் இருக்கிறது. உங்களுக்காக ஏற்கெனவே பைப் வாங்கியிருந்தால் அந்தச் செலவை அவர் கழித்துக்கொள்வது நியாயம். மீதியைக் கேட்கலாம். ஒருவருக்கென்று அளந்து செய்த பொருளை முடிந்த பிறகு "பிடிக்கவில்லை" என்று திருப்பித் தரும் உரிமை பொதுவாகக் கிடையாது. பல நாட்டு நுகர்வோர் சட்டங்கள் இப்படித்தான் பார்க்கின்றன. ஆனால் வெல்டு விட்டுப்போனால், பைப் ஹெட்டில் உட்காராவிட்டால், பேசிய அளவு மாறினால் அதைச் சரிசெய்ய வேண்டியது அவர் பொறுப்பு. பேசியது என்ன என்பதற்குச் சாட்சி வேண்டுமே, அதனால்தான் தாள் தேவைப்படுகிறது. சண்டை வேண்டாம். கையில் ஒரு தாளோடு போய், "அண்ணே, இப்படிச் செய்ய முடியுமா, எழுதிக்கலாமா?" என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர் மகிழ்ச்சியோடு எழுதுவார்.

அந்தத் தாளில் இருக்க வேண்டியவை: பைப்பின் உள்விட்டம், தகட்டின் கனம், இரும்பா எஸ்.எஸ். 304 என்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்பது, சைலன்சரின் நீளமும் விட்டமும், உள்ளமைப்பின் வரைபடம், எண்ட் கேப்பும் (சைலன்சரின் பின் மூடி) உள் தடுப்பும் போல்ட்டில் கழற்றும்படி இருப்பது, பழைய பாகங்கள் உங்களுக்கே திரும்ப வருவது, முழு வெல்டுக்கு முன் நீங்கள் வந்து பார்ப்பது.

வெல்டிங் அன்று

கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். நல்ல பட்டறையில் முதலில் வண்டியிலேயே வைத்துப் புள்ளி புள்ளியாக டாக் மட்டும் அடிப்பார்கள். அந்த நிலையில் நீங்கள் போய் வண்டியில் ஏறி உட்காருங்கள். பின்னால் ஒருவரை உட்கார வைத்து சஸ்பென்ஷனை முழுக்க அமுக்குங்கள். கிக்கரை மிதியுங்கள். பிரேக் பெடலை அழுத்துங்கள். சென்டர் ஸ்டாண்டைப் போட்டு எடுங்கள். ஆயில் போல்ட்டில் ஸ்பேனர் நுழைகிறதா, சைலன்சரைக் கழற்றாமல் பின் ஆக்சில் வெளியே வருகிறதா, பின்னால் உட்காருபவரின் கணுக்கால் எங்கே படுகிறது, எல்லாம் பாருங்கள். முழு வெல்டு விழுந்த பிறகு ஒரு விரல்கடை நகர்த்த வேண்டுமென்றாலும் மீண்டும் வெட்டத்தான் வேண்டும்.

டாக் அடிப்பதற்கு முன் பெட்ரோல் டாங்கைக் கழற்றி வேறு இடத்தில் வைக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து வரும். பேட்டரியின் இரண்டு வயரும் கழற்றியிருக்க வேண்டும். வெல்டிங் எர்த் கிளாம்பை வெல்டு விழும் பைப்பிலேயே மாட்டச் சொல்லுங்கள். எங்கோ சக்கரத்தில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைப் பொத்துவிடும். பைப்பைத் துடைக்கக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரைத் தொடவே கூடாது. அதன் ஈரம் இருக்கும்போது வெல்டு விழுந்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். மலிவு என்று துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் எடுத்தாலும் துத்தநாகப் புகை காய்ச்சல் கொண்டுவரும். இவை பட்டறைக்காரரின் உடம்புக்காகவும் சொல்கிறேன்.

எஸ்.எஸ். என்றால் ஆர்கான் வெல்டிங், 308எல் கம்பி. பைப்பை ஹெட்டோடு பிடிக்கும் இரும்பு ஃப்ளாஞ்சோடு சேரும் இடத்தில் 309எல். வெளியே மட்டும் ஆர்கான் போதாது, பைப்புக்கு உள்ளேயும் ஆர்கான் நிரப்பி வெல்டு வைக்க வேண்டும். இல்லையென்றால் உள்பக்கத் தையல் சர்க்கரை பாகு பொரிந்த மாதிரி கறுத்துச் சொரசொரத்து நிற்கும், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். சேரும் முன் குழாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், தெரியும்.

ஆரம்ப காலத்தில் நான் செய்த ஒரு தவறு இன்றும் உறுத்துகிறது. அழகாக ஒரு எஸ்.எஸ். பைப் கட்டி, சைலன்சர் பிராக்கெட்டை ரப்பர் புஷ் இல்லாமல் சேசிஸில் நேராக இறுக்கிவிட்டேன். ஒரு மாதத்தில் ஃப்ளாஞ்சை ஒட்டி வட்டமாக வெடித்து வண்டி திரும்பி வந்தது. 304 பைப் ஒரு மீட்டர் நீளம், 400 டிகிரி சூடேறினால் 7 மில்லிமீட்டர் நீளும். இரும்பு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். அது நீள ஒரு வழி விடாவிட்டால் மிக மெலிந்த இடத்தில் கிழித்துக்கொண்டு வழி தேடும். அதனால் சைலன்சர் பைப்புக்குள் நுழையும் சறுக்கு இணைப்பும், ரப்பர் புஷ் வைத்த பிராக்கெட்டும் கட்டாயம்.

வெப்பத்துணி வேண்டாம். ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பைத் தின்னும், விரிசலை மறைக்கும். பின்னால் உட்காருபவரின் காலுக்கு ஒரு தடுப்புத் தகடு போதும்.

ஹெட்டில் பைப்பைப் பிடிக்கும் ஸ்டட்களை, அதாவது மரை போட்ட கம்பிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்பது வருடத் துரு. நீளமான ஸ்பேனரைப் போட்டு ஒரே முறுக்கில் கழற்றப் பார்த்தால் அலுமினிய ஹெட்டுக்குள்ளேயே உடையும். இரண்டு நாள் முன்பிருந்தே துரு எண்ணெய் விட்டு, ஹெட்டைச் சூடாக்கி, கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி எடுக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்கு அரை நாள் போனால் போகட்டும். மாட்டும்போது எல்லாவற்றையும் தளர்வாகக் கோத்து, பைப்பை ஹெட்டில் பிடிக்கும் நட்டுகளை மாறி மாறிச் சமமாக இறுக்கிய பிறகுதான் பின் பிராக்கெட்டை இறுக்க வேண்டும்.

மாட்டிய பிறகு

கார்புரேட்டரைப் புது சைலன்சருக்கு ஏற்பப் பார்க்க வேண்டும். பைப்பில் 18 மில்லிமீட்டர் நட் ஒன்றை வெல்டு வைத்துக்கொண்டால் ஆக்சிஜன் சென்சார் மாட்டிக் கலவையை அளக்கலாம், பிறகு போல்ட் போட்டு மூடிவிடலாம். முழு ஆக்சிலரேட்டரில் காற்றும் பெட்ரோலும் 12.5-க்கு ஒன்று, 13-க்கு ஒன்று என்ற அளவில் இருந்தால் நிம்மதி. ஏர் ஃபில்டர் பெட்டியை மட்டும் இப்போது தொடாதீர்கள். பிஎஸ்38 அந்தப் பெட்டியோடு பழகியது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதனால் என்று தெரியாமல் தவிப்பீர்கள். டியூனிங் முழுக்கத் திறந்த வெளியில்தான். ஷெட்டுக்குள் கதவை அரைவாசி திறந்து வைப்பது போதாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

முதல் மூன்று ஓட்டம் சின்னதாக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குளிர்ந்த பிறகு பைப்பை ஹெட்டில் பிடிக்கும் அந்த நட்டுகளைத் தொட்டுப் பாருங்கள், புது கேஸ்கெட் அமுங்கியதால் தளர்ந்திருக்கும். 500 கிலோமீட்டரில் பிராக்கெட், புஷ், வெல்டு எல்லாவற்றையும் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். இணைப்புகளைச் சுற்றிக் கரிப்பொடி படிந்திருந்தால் அங்கே கசிகிறது.

பிறகு ஒரு மாலையில் அண்ணியிடம் எதுவும் சொல்லாமல் வண்டியைத் தெருமுனைக்கு எடுத்துப் போய், அண்ணன் வருகிற வேகத்திலேயே வீட்டுக்கு ஓட்டி வாருங்கள். அவர் வாசலுக்கு வந்தால் சரி. வராவிட்டால் எண்ட் கேப்பைக் கழற்றி, உள் தடுப்பை ஒரு துளை கூட்டியோ குறைத்தோ மாற்றி மறுநாள் மறுபடி வாருங்கள். செல்போனில் இருக்கும் பழைய பதிவை ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுக் கேளுங்கள். இரண்டு மூன்று மாலைகள் ஆகலாம். அதுவரைக்கும் எண்ட் கேப்பை வெல்டு வைத்து மூட விடாதீர்கள், போல்ட்டிலேயே நிற்கட்டும்.